மறுதேர்வுக்குத் தடை: வாஷிங்டனும் மெக்சிகோ நகரமும்

அமெரிக்க அதிபராக ஒருவர் இரண்டு முறைதான் தேர்ந்தெடுக்கப்படலாம். மெக்சிகோவில் ஒரே முறை, ஆறு ஆண்டு, அதோடு சரி. இதை வைத்து மெக்சிகோதான் கறாரான ஜனநாயகம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

1787இல் அமெரிக்கச் சாசனத்தை எழுதியவர்கள் வரம்பே வைக்கவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டு தவணையோடு விலகிக்கொண்டது வழக்கமாக நிலைத்தது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1940இல் அதை மீறினார். 1944இல் நான்காம் முறையும் வென்று, அடுத்த ஏப்ரலில் இறந்தார். 22ஆவது திருத்தம் 1947இல் காங்கிரசில் நிறைவேறி, 1951இல் மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றது. இறந்துபோனவருக்குப் போட்ட கடிவாளம்! குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. அதில் முதலில் மாட்டியவரோ அவர்கள் கட்சியின் ஐசனோவர்.

மெக்சிகோ பட்டுத் தெரிந்துகொண்டது. மறுதேர்வு கூடாது என்று கலகம் செய்துதான் 1876இல் போர்ஃபிரியோ தியாஸ் ஆட்சியைப் பிடித்தார். இடையில் நான்கு ஆண்டு நண்பரை உட்காரவைத்தார். 1884இல் திரும்பியவர், 1911இல் புரட்சி விரட்டும்வரை நகரவில்லை. 1917 சாசனம் மறுதேர்வை அடியோடு தடுத்தது. பத்தே ஆண்டில் முன்னாள் அதிபர் ஆல்வரோ ஒப்ரெகோனுக்காக அதைத் தளர்த்தினார்கள். 1928இல் அவர் மீண்டும் வென்றார். பதவியேற்கும் முன், ஜூலை 17 அன்று, லா பொம்பில்லா உணவகத்தில் விருந்து நடந்தது. கேலிச்சித்திரக்காரனாக உள்ளே வந்த இளைஞன், வரைந்ததைக் காட்டும் சாக்கில் நெருங்கிச் சுட்டுக் கொன்றான். மதப் பகைதான் காரணம், மறுதேர்வு அல்ல. ஆனாலும் 1933இல் தடை முழுசாகத் திரும்பி வந்தது.

அந்த 1933 திருத்தத்தின் இன்னொரு பகுதியை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களும் அடுத்தடுத்துப் போட்டியிடக்கூடாது என்றது அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவணை முடிந்ததும் உறுப்பினர் அடுத்த பதவிக்கு யாரிடம் போவார்? தொகுதி மக்களிடம் போய்ப் பயனில்லை. கட்சியிடம்தான் போக வேண்டும். கட்சியோ அதிபர் கையில். தனக்குப் பின் யார் என்பதையும் அவரே கைகாட்டினார். ஆள் ஆறு ஆண்டுக்கொரு முறை மாறினார். 1929இல் தொடங்கிய ஆளுங்கட்சி 2000 வரை, 71 ஆண்டு, அசையவில்லை.

வாஷிங்டனில் வரம்பு அதிபருக்கு மட்டும். செனட்டர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகூட இருக்கிறார்கள். இரண்டாம் தவணையின் பாதியில் அதிபர் கூப்பிட்டால், சொந்தக் கட்சிக்காரரே தன் அடுத்த தேர்தலைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வருவார். மெக்சிகோ உறுப்பினருக்கு அந்தக் கணக்கைப் போடும் வாய்ப்பு 2014 சீர்திருத்தத்தில்தான் கிடைத்தது.