வாய், முக அறுவைச் சிகிச்சை வலி தணிப்பு (மலையகம்)

இலங்கை மலையகத்தின் வலப்பனை உள்ளிட்ட தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் வாய்ப்புற்றுநோய்க்கு முக்கியக் காரணம். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதிசெய்தது. பாக்கினால் வாய் இறுகியோருக்கு மயக்க மருந்து கொடுப்பதே கடினம். வலி தணிப்பு அந்த மயக்க மருந்திலிருந்தே தொடங்குகிறது. பெரிய அறுவைகளுக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை உண்டு.

பல் பிடுங்க, 1943இல் உருவான, இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் ஊசி போதும். மரப்பு நீங்குமுன் பெனடோல் (பரசிட்டமோல்) போடுவது நல்லது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் வில்லை எட்டுக்கு மேல் ஆகாது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளோர் வைத்தியரைக் கேட்காமல் இன்னொரு வலி மருந்தான இபுப்ரோஃபென் எடுக்கக்கூடாது. பல் பிடுங்கிய புண்ணில் வெற்றிலை, புகையிலை படவே கூடாது. மூன்றாம் நாளில் வலி கூடினால் பொறுத்துக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகாமல் உடனே பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.