மக்கள் என்றால் யார்?

சுவிட்சர்லாந்து என்றதும் நேரடி ஜனநாயகம் என்றுதான் பள்ளியில் படித்தோம். முக்கியமான எதையும் மக்களிடம் கேட்டே முடிவு செய்வார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டு வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வரும்: மக்கள்னா யாருப்பா?

பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று 1959இல் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் முழுக்க ஆண்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருடமே இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதல் பெண் பிரதமராகிவிட்டார். பல நாடுகளில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு முடித்த விஷயம் இது. சுவிட்சர்லாந்தில் ஆண்களில் பாதிக்கு மேல் மனசு வைக்க வேண்டியிருந்தது. 1971இல்தான் வைத்தார்கள். அந்த வருடத் தேர்தலில், 200 பேர் கொண்ட கீழவைக்கு 10 பெண்கள் ஜெயித்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. உள்ளூர் விவகாரங்களில் யார் வாக்களிப்பது என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யும். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற குட்டி மாநிலத்தில், ஏப்ரல் கடைசி ஞாயிறன்று சதுக்கத்தில் கூடி, கை தூக்கி வாக்களிப்பது வழக்கம். ஆண்கள் இடுப்பில் வாள் கட்டி வருவார்கள். அந்த வாள்தான் வாக்காளர் அட்டை! 1973, 1982, 1990 என்று மூன்று முறை அந்தக் கைகள் பெண்களை மறுத்தன. மூன்றாம் முறை மறுத்தபோது பெர்லின் சுவரே விழுந்துவிட்டிருந்தது.

வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1990 நவம்பரில் தீர்ப்பு. மாநில அரசியலமைப்பில் ஓர் எழுத்தைக்கூட நீதிபதிகள் மாற்றவில்லை. குடிமக்களைக் குறிக்க அதில் ஏற்கனவே இருந்த சொல்லுக்குள் பெண்களும் அடக்கம் என்றார்கள். அவ்வளவுதான். 1991 ஏப்ரலில் பெண்கள் வாள் இல்லாமல், வாக்காளர் அட்டையோடு சதுக்கத்துக்குள் வந்தார்கள். அதே மாநிலத்து ரூத் மெட்ஸ்லர், 1999இல் நாட்டை ஆளும் எழுவரில் ஒருவரானார்.

இந்தத் தீர்ப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இடத்தைப் பிடித்து வைத்திருப்பவரிடமே "கொஞ்சம் நகருவீங்களா?" என்று கேட்டு வாக்கெடுப்பு நடத்தினால், காத்திருப்பதுதான் மிச்சம். நம் நாட்டு மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவும் 1996இல் வந்து 2023இல்தான் நிறைவேறியது. அங்கேயும் சம்மதிக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். உரிமை என்பது பெரும்பான்மை பார்த்துக் கொடுக்கும் சலுகை இல்லை. மக்கள் என்ற சொல்லை ஒழுங்காக வாசித்தாலே போதும்.