கணக்கனின் கையில் மழு

உத்திரமேரூர் என்றாலே நம்மவர்க்குக் குடவோலைதான். வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட அவ்விரு கல்வெட்டுகளையும் பாடநூல் முதல் மேடைப்பேச்சு வரை போற்றி ஓய்ந்துவிட்டோம். மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு வழியாக மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் நானும் அதையே விளக்குகிறேன். ஆனால் என் மனம் நிலைகொண்டது, அதே ஊர்ச் சபையின் கணக்கனைப் பற்றிய, அதிகம் பேசப்படாத மற்றொரு சோழர் காலச் சாசனத்தில்தான்.

அவனுக்குரிய ஊதியம் நாளொன்றுக்கு நான்கு நாழி நெல், ஆண்டுக்கு ஏழு கழஞ்சுப் பொன், உடுக்கக் கூறை. கணக்கொப்புவிக்கும் நாளில் அவன் மழு ஏந்த வேண்டும். மழு என்றவுடன் சிவபெருமானின் கோடரியை எண்ணிவிட வேண்டாம். பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கும் அதுவே பெயர். கை சுடாது தேறினால் வெகுமதி. சுட்டுவிட்டால் பத்துக் கழஞ்சு தண்டம். அதற்கு மேல் அவனை வருத்துதல் இல்லை. ஏழு கழஞ்சு பெறுபவனுக்குப் பத்துக் கழஞ்சு! ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பொன்.

எழுத்தாணியும் ஓலையும் கொண்டு நாழி, உழக்கு பிசகாமல் கணக்கு வைத்த ஒரு சபை, அந்தக் கணக்கின் உண்மையைக் காண நெருப்பிடம் போனது ஏன்? மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் கடந்துவிடலாம். அது சோம்பேறித்தனமான விடை என்றே நினைக்கிறேன்.

நம் தொண்டைநாட்டுக் குன்றத்தூர்ச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் காட்டும் வழக்கொன்றைப் பார்ப்போம். சுந்தரரைத் தமக்கு அடிமையென்று கிழவேதியர் ஒருவர் வாதிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவை அவரிடம் கேட்பது மூன்றில் ஒன்றை: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை; மூலவோலை கிழவரிடம் பத்திரமாக இருக்கிறது. பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையுடன் ஒப்பிட்டு அவை தீர்ப்புச் சொல்கிறது. வாதி இறைவனே ஆயினும் ஓலை காட்டித்தான் வெல்ல வேண்டியிருக்கிறது! அதே புராணத்தில் சம்பந்தர் மதுரையில் ஓலைகளை நெருப்பிலும் வையையிலும் இட்டு வாதம் வெல்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. சமய வழக்கில் அனலும் புனலும் சாட்சி. அடிமை வழக்கில் கையெழுத்து.

யாஞ்ஞவல்கிய ஸ்மிருதியும் இதே மூன்றைத்தான் சான்றென்று கூறுகிறது: எழுத்து, அனுபோகம், சாட்சி. இவற்றில் எதுவும் கிட்டாதபோதே திவ்யம் எனப்படும் தெய்வச் சோதனை. தராசு, தீ, நீர், நஞ்சு, கோசம் என அது ஐவகை. கோசமாவது தெய்வத்தை நீராட்டிய நீரைக் குடித்துவிட்டுத் தீங்கு நேர்கிறதா எனக் காத்திருப்பது. நம் ஊர்க்கோயில்களில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வோர் அதன் உறவினர்தாம்.

இப்போது கணக்கனிடம் திரும்புவோம். ஆவணம் அவன் எழுதியது. அவனை அதைக் கொண்டே சோதிப்பது எப்படி? களஞ்சியத்தில் நடந்ததை அவனறிந்த அளவு அறிந்த அயலாரும் அரியர். மனிதச் சான்றுகள் மூன்றும் எவனிடம் வலுவிழக்கின்றனவோ அவனுக்கே நான்காவது வைக்கப்பட்டது என்பது என் கணிப்பு. மழு ஏந்தும் நாள் வருகிறதென்ற அச்சம் ஆண்டு முழுவதும் அவன் எழுத்தாணியின் மீது அமர்ந்திருக்கும். இரும்பைத் தொடுவதற்கு முந்தைய இரவே குறைந்த பொன் திரும்பி வந்திருக்கவும் கூடும்.

இருப்பினும் உறுத்துவது ஒன்றுண்டு. கணக்குக் காட்டாத வாரியப் பெருமக்களுக்கும் அவர்தம் உறவினர்க்கும் குடவோலையில் பெயர் எழுதக் கூடாது என்பதே விதி. கணக்கனுக்கோ நெருப்பு. ஸ்மிருதியும் இந்த வேற்றுமையை ஒளிக்கவில்லை. பெண்டிர், சிறார், முதியோர், நோயாளர் ஆகியோருடன் பிராமணரையும் சேர்த்துத் தராசில் ஏற்றுகிறது. தீயும் நீரும் நஞ்சும் சூத்திரர்க்கு என்கிறது. ஊனமுற்றோர்க்கும் முதியோர்க்கும் காட்டும் இரக்கம் புரிகிறது. அதே வரிசையில் பிராமணர் நிற்பதற்கு இரக்கம் காரணமன்று.

தெற்கே சுசீந்திரத்தில் மட்டும் இது தலைகீழ். பிறன்மனை நாடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரிகளே அங்கே கொதிக்கும் நெய்யில் கையிட்டனர். கைமுக்கு என்பது அதன் பெயர். கொதிநெய்யில் மூழ்கி இந்திரன் தூய்மை பெற்ற தலம் என்பது ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் கதை. சுவாதித் திருநாள் காலத்தில்தான் (1829-1846) அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவில் 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் குருமார் இச்சோதனைகளில் பங்கேற்பதைத் தடை செய்தது. சடங்கு நடத்தக் குருவின்றிச் சோதனையும் நலிந்தது.

அங்கேரியின் வாராத் நகரில் 1208 முதல் 1235 வரை நடந்த காய்ச்சிய இரும்புச் சோதனைகளின் பதிவேடு கிடைத்திருக்கிறது. முடிவு தெரிந்த 208 பேரில் 130 பேர் குற்றமற்றவராய்த் தேறினர். இதை ஒருமுறை உத்திரமேரூர்க் கோயில் நிழலில் சொன்னபோது, "அத்தனை பேருக்கும் எப்படிங்க ஐயா கை சுடாமல் இருந்தது?" என்றாள் ஒரு மாணவி. ஸ்மிருதி, ஐம்பது பலம் எடையுள்ள இரும்பை வைக்குமுன் கைகளில் ஏழு அரசிலைகளை வைத்து நூலால் கட்டச் சொல்கிறது என்றேன். சற்று யோசித்துவிட்டு அவள் கேட்டாள்: "இலையைக் கட்டுறது யாருங்க ஐயா?"