பதிவெண்ணும் ரேங்கும்

1901 சென்சஸின் ஆணையராக இருந்தவர் வங்காளத்து ஐ.சி.எஸ். அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி. மனிதர்களின் மூக்கை அளந்து அதிலிருந்து இனமும் சாதியும் கண்டுபிடிக்க முடியும் என்று நம்பியவர். அதோடு நிறுத்தியிருந்தால் அந்த ஆராய்ச்சி எங்காவது தூசி படிந்து கிடந்திருக்கும். அவரோ ஒவ்வொரு மாகாணத்திலும் சாதிகளை ஊர் மதிக்கும் வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்கித் தரச் சொன்னார். சென்னை மாகாணத்தில் அந்த வேலை பிரான்சிஸ் என்ற அதிகாரியிடம் வந்தது. பிராமணர் புரோகிதம் பண்ணுகிறாரா, தொட்டால் தீட்டா, தொடாமலே தீட்டா, மாட்டிறைச்சி தின்பார்களா என்றெல்லாம் பார்த்து வகுப்பு பிரித்தார்கள்.

நான் கணக்கு வாத்தியார். இந்த வரிசையில் என்ன கோளாறு என்று வகுப்பில் விளக்க வருகைப் பதிவேட்டைத்தான் எடுப்பேன். பதிவேட்டில் 17ஆம் எண் பையன் 18ஆம் எண் பையனைவிடக் கெட்டிக்காரன் இல்லை. அந்த எண் அவன் பெயருக்குப் பதில் நிற்கிறது, அவ்வளவுதான். ரேங்க் அட்டையில் இருக்கும் 17 வேறு ரகம். அது ஒருவனை முன்னாலும் இன்னொருவனைப் பின்னாலும் நிறுத்துகிறது. ஆனால் எவ்வளவு தூரம் முன்னால் என்று சொல்லாது. வெப்பமானியின் டிகிரி இன்னொரு ரகம், எடைக்கல்லின் கிலோ மற்றொன்று. இந்த நான்கையும் பிரித்துப் பெயரிட்டவர் ஹார்வர்டு உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ். அவர் கட்டுரை 1946இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ரிஸ்லிக்கு அது கிடைத்திருக்காது, வாஸ்தவம். ஆனால் பதிவெண்ணை ரேங்க் ஆக்குகிறோம் என்று தெரிய ஹார்வர்டு எதற்கு?

ஊர்க்காரர்களுக்கு உடனே தெரிந்தது. மனுக்கள் குவிந்தன. 1911இல் அந்த வரிசையைத் தொடரவில்லை. ஆனாலும் அரசு மறுபடி ஏற்ற இறக்கம் எழுதப்போகிறது என்ற பேச்சு நிற்கவில்லை. அந்த ஆண்டு வங்காளத்தில் மட்டும் வந்த மனுக்கள் ஒன்றரை மணங்கு எடை இருந்ததாக அங்கிருந்த சென்சஸ் கண்காணிப்பாளர் ஓமாலி எழுதிவைத்தார். ஏறக்குறைய 56 கிலோ காகிதம்!

நம் பக்கத்தில் இது காகிதத்தோடு போகவில்லை. நாடார்களின் கோயில் நுழைவுத் தகராறு முற்றி 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. அந்தப் புண் ஆறுமுன்பே அடுத்த சென்சஸ்காரன் வாசலில் நின்றான். வியாபாரம் செய்து தலையெடுத்த நாடார் குடும்பங்களையும் பழைய பெயரில், பனைத் தொழிலோடு சேர்த்தே அரசு எழுதிக்கொண்டிருந்தது. நாடார் சங்கங்கள் விடாமல் கேட்டன. 1921இல்தான் சென்னை அரசு ‘நாடார்’ என்று எழுத ஒப்புக்கொண்டது. ஒருவர் தன்னை என்ன பெயரில் சொல்லிக்கொள்கிறாரோ அதை எழுதுவதற்கு இத்தனை வருஷம். எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்டது 1931 சென்சஸோடு நின்றது. சுதந்திரத்துக்குப் பிறகு பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மட்டும் எண்ணினார்கள். நம் மாநிலப் பட்டியலில் ஆதி ஆந்திரா 1, ஆதி திராவிடர் 2 என்று போகும். ஆங்கில அகரவரிசை, வேறொன்றுமில்லை. பதிவெண் பதிவெண்ணாகவே நிற்கிறது.

1981இல் நானும் கணக்கெடுக்கப் போனேன். அடுத்த இரண்டு சென்சஸிலும் போனேன். சாதியைவிட வயதுதான் தண்ணி காட்டியது. கிலோவைப்போலக் கூட்டிக் கழித்துச் சராசரி பார்க்கக்கூடிய எண் அது என்று பாடப்புத்தகம் சொல்லும். திண்ணையில் கேட்டால், “என்ன, ஒரு நாப்பது இருக்கும், போட்டுக்கங்க” என்பார்கள். தனுஷ்கோடிப் புயலுக்கு எத்தனை வயசு, மூத்த பிள்ளை கையிலா வயிற்றிலா என்று கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். சில பேர் டீக்கடையில் உட்கார்ந்தே தெருவை முடித்துவிடுவார்கள். அவர்கள் படிவத்தில் எல்லாருக்கும் வயது 0இலோ 5இலோ முடியும்.

புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் அப்போது நிறைய. “பழனியில இருக்கிறவரு பேருதான் சார்” என்பார் ஒருவர். முருகனா, தண்டபாணியா, வேலாயுதமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து தீர்த்துவைப்பான். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்காது: 1948 சென்சஸ் சட்டத்தின் 8ஆம் பிரிவிலேயே இதற்கு இடம் இருக்கிறது. வழக்கப்படி சொல்லக்கூடாத பெயரைச் சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான். 15ஆம் பிரிவு, நீங்கள் சொன்னதை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது என்கிறது. 11ஆம் பிரிவில், மனம் புண்படக் கேட்டாலோ தெரிந்தே பொய் எழுதினாலோ கணக்கெடுப்பவருக்கே தண்டனை.

2027 சென்சஸில் எல்லாருடைய சாதியும் மறுபடி கேட்கப்படும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. கேட்கட்டும், நான் எதிர்ப்பவன் இல்லை. யார் எத்தனை பேர், என்ன படித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் பங்கு பிரிக்க முடியாது. வருகிறவர் உங்கள் முகத்தையோ தெருவையோ பார்த்துத் தானே எழுதப்போனால் மட்டும் நிறுத்துங்கள். கேட்டுவிட்டு, நீங்கள் சொன்னதை எழுதச் சொல்லுங்கள்.