ஒரே அடையாளம், இரண்டு பொருள்

'நாற்றம்' என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று அதன் பொருள் வேறு. இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் பழக்கம் உள்ளதால், பழம்பாடல்களில் அச்சொல்லைக் காணும்போது நாம் தடுமாறுவதில்லை. கணினிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. 2012 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்னும் பங்கு வணிக நிறுவனம் இதைப் பெரும் விலை கொடுத்து அறிந்துகொண்டது.

நியூயார்க் பங்குச் சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்கான புதிய திட்டமொன்றை அன்று தொடங்கியது. அதற்கென நிரல் எழுதிய நிறுவனம், அதை இயக்குவதற்குப் புதிய அடையாளம் எதையும் உருவாக்கவில்லை. 'பவர் பெக்' என்ற பழைய நிரலை இயக்கிவந்த 'ஃப்ளாக்'கையே மறுபடி எடுத்துக்கொண்டது. பவர் பெக் 2003-இலேயே கைவிடப்பட்டது, ஆனால் நீக்கப்படவில்லை. ஆர்டர் நிறைவேறியதும் நிறுத்தச் சொல்லும் கணக்கு மட்டும் 2005-இல் அதிலிருந்து இடம் மாற்றப்பட்டிருந்தது.

புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விடுபட்டது. சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. சந்தை திறந்ததும், ஏழு சர்வர்களுக்குப் புதுப்பொருள் தந்த அடையாளம் எட்டாவதில் பவர் பெக்கை எழுப்பியது. 212 ஆர்டர்களுக்காக அது 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்களைச் செய்து முடித்தது. நட்டம் 46 கோடி டாலருக்கும் அதிகம்.

சந்தை திறக்கும் முன்பே பவர் பெக்கின் பெயர் தாங்கிய 97 மின்னஞ்சல்கள் தானாக வந்திருந்தன. எவரும் அவற்றை எச்சரிக்கையாகக் கொள்ளவில்லை. குழப்பத்தின் நடுவே, சரியாக இயங்கிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அடையாளம் அங்கும் பழைய பொருளுக்குத் திரும்ப, தீ மேலும் பரவியது. 2013 அக்டோபரில் பங்குச் சந்தை ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இதற்கான மருந்து எளியது. லினக்ஸில் மென்பொருள்களைப் புதுப்பிக்கும் 'ஆர்பிஎம்' என்ற கருவியைப் பார்ப்போம். நாம் திருத்தி வைத்த அமைவுக் கோப்பு புதுப்பித்தலின்போது குறுக்கிட்டால், அது பழையதைப் பெயரின் இறுதியில் 'ஆர்பிஎம்சேவ்' சேர்த்துப் பாதுகாக்கும். அல்லது பழையதைத் தொடாமல், புதியதை 'ஆர்பிஎம்நியூ' என்ற ஈற்றுடன் அருகில் வைக்கும். எது எது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

நைட் கேப்பிடலும் புதிய வேலைக்குப் புதிய அடையாளம் தந்திருந்தால், எட்டாவது சர்வர் விடுபட்டிருந்தாலும் பவர் பெக் விழித்திருக்காது. மறதி மனித இயல்பு. அதைத் தாங்கும்படி பெயரிடுவதே நம்மால் ஆகக்கூடியது.