தூத்துக்குடி தந்த கலைஞர்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. குளியாளர் எடுத்துவந்த சிப்பிகளைத் திறவாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உளதோ இலதோ என்பது, பணங்கொடுத்து வாங்கியவன் திறந்து பார்த்த பின்னரே தெரியும். அவ்வூரிற் பிறந்த ஒரு கலைஞரும் தம் வாழ்வில் அத்தகைய ஏலம் ஒன்றை எடுத்தார். அவர்தாம் நகைச்சுவை நடிகர் ஜே. பி. சந்திரபாபு.

மாணவச் செல்வங்களே, நடிகர் ஒருவரின் வாழ்க்கைக்கும் நாட்டு வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய பெயரைப் பாருங்கள். ‘ஜே. பி.’ என்பது ஜோசப் பனிமயதாஸ் என்பதன் சுருக்கம். பனிமய மாதா, தூத்துக்குடிக் கத்தோலிக்க மக்கள் போற்றும் அன்னை. குடும்பப் பெயராகிய ரோட்ரிக்ஸ், 16-ஆம் நூற்றாண்டில் முத்துத்துறையை நாடிவந்த போர்த்துக்கீசியர் வழியே வந்தது. ஒரு மனிதரின் பெயரிலேயே நானூறு ஆண்டுச் செய்தி அடங்கியிருக்கிறது.

அவர் பிறந்தது 1927 ஆகஸ்டுத் திங்களில். தந்தையார் விடுதலைப் போராட்ட வீரர். ‘சுதந்திர வீரன்’ என்னும் இதழை நடத்தியவர். 1929-இல் ஆங்கில அரசு அவரைச் சிறைப்படுத்தி, இதழையும் பறித்துக்கொண்டது. அதன்பின் குடும்பம் கொழும்புக்குக் குடிபெயர நேர்ந்தது. அடக்குமுறை செய்த அரசு எண்ணியிராத விளைவு ஒன்று அங்கே உண்டாயிற்று. அத்துறைமுக நகரில் வளர்ந்த சிறுவனுக்கு மேனாட்டு இசையும் நடனமும் பழக்கமாயின. ஆல்ப்ஸ் மலைவாழ் மக்கள், அடிக்குரலிலிருந்து திடீரென உச்சக்குரலுக்குத் தாவிக் கூவும் ‘யோடலிங்’ முறையைப் பின்னாளில் தமிழ்த் திரைப்பாட்டிற் புகுத்திப் புகழ்பெற்றவர் இவரே.

1943-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. 1947-இல் ‘தன அமராவதி’ படத்தில் சந்திரபாபு திரையில் தோன்றினார். ‘புதையல்’ (1957), ‘சபாஷ் மீனா’ (1958), ‘மரகதம்’ (1959) ஆகிய படங்கள் அவரை உச்சிக்கு உயர்த்தின. ‘சபாஷ் மீனா’வில் அவர் ஏற்றது இரட்டை வேடம்.

ஆயினும் பிறர் வகுத்த காட்சியில் வந்துபோவது அவருக்குப் போதவில்லை. தாமே படம் இயக்க விரும்பினார். எம். ஜி. ராமச்சந்திரனைக் கதாநாயகராகக் கொண்டு தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ முற்றுப்பெறாமல் நின்றது. பெரும்பொருள் இழப்பு ஏற்பட்டது. பின்னர் 1966-இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்ற படத்தை இயக்கி நடித்தார். விவிலியத்திலிருந்து எடுத்த தலைப்பு அது. எனினும் வசூல் என்னும் கதவு திறக்கவில்லை. கடன் சூழ்ந்தது; உடல் நலிந்தது. 1974 மார்ச் 8 அன்று, 46-ஆம் வயதில் காலமானார்.

இம்முயற்சி பேதைமையா? அமெரிக்காவில் சார்லி சாப்ளினும் நகைச்சுவை நடிகராயிருந்து இயக்குநரானவர்தாம். ஆனால் அவர் 1919-இல் தோழர் மூவருடன் சேர்ந்து, படங்களை விநியோகிக்கும் நிறுவனம் ஒன்றையே அமைத்துக்கொண்டார். சந்திரபாபுவுக்கு அத்தகைய அரண் எதுவும் இல்லை. கலைஞனின் சுதந்திரத்திற்குத் திறமை மட்டும் போதாது. முதலும் அமைப்பும் துணைநிற்க வேண்டும் என்பதே இவ்விரு வாழ்க்கைகளும் காட்டும் உண்மை.

தோற்றவர்களைப் பற்றி நம் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் சிப்பியில் முத்து இல்லாமற் போனது, மூச்சடக்கி மூழ்கியவனின் குற்றமாகாது. வரலாறு பயிலும் நீங்கள் இதனை மறவாதீர்கள்.