அவர் சொன்னது பொய் இல்லை



என்னிடம் படித்த ஒருவரின் மகள் இப்போது மருத்துவம் படிக்கிறாள். குடி மூளையை என்ன செய்கிறது என்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாளாம். "தாத்தா, நீங்க ஹிஸ்டரி வாத்தியார்தானே, இதை முதல்ல கண்டுபிடிச்சவர் கதை தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் அனுப்பியதைப் படித்த பிறகு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

மாஸ்கோவில் செர்கெய் கோர்சகோவ் என்று ஒரு மனநல மருத்துவர். 1887இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, மதுவால் வரும் கைகால் முடக்கம் பற்றியது. நரம்பைப் பார்க்கப் போனவர், அந்த நோயாளிகளின் ஞாபகத்தைப் பார்த்துத் திகைத்தார். பேச்சில் தெளிவு இருக்கும், சீட்டு ஆடுவார்கள், பழைய கதைகள் அப்படியே நினைவிருக்கும். ஆனால் சற்று முன் வந்துபோன ஆளை மறந்திருப்பார்கள். படுக்கையை விட்டே இறங்காதவர், நேற்று வெளியே போய்வந்ததாகச் சொல்வார். ஏமாற்றுவதற்காக அல்ல. ஞாபகத்தில் விழுந்த ஓட்டையை மூளை தானே எதையோ வைத்து அடைக்கிறது. சொல்பவர் அதை முழுசாக நம்புகிறார்.

இதற்கு முன்பே, 1881இல், ஜெர்மனியின் கார்ல் வெர்னிக்கே மூன்று பேரைப் பற்றி எழுதியிருந்தார். கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, புத்தி குழம்பி இறந்தவர்கள். இருவர் குடிகாரர்கள். மூன்றாவது, கந்தக அமிலம் குடித்துவிட்டு ஓயாமல் வாந்தி எடுத்த ஒரு தையற்காரப் பெண். அவளுக்கு ஏன் அதே நோய்? விடை தெரிய அரை நூற்றாண்டு ஆனது. தீட்டிய அரிசியில் குறைந்துபோகும் அதே பி1 வைட்டமின், தயமின். குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் அந்தச் சத்தைக் குடல் உறிஞ்ச மது விடுவதில்லை. 1936இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ், பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். (இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இது எனக்குத் தெரியாது!)

வீட்டில் குடிக்கிறவர் இருந்து, கண் ஒரு மாதிரி போய் நடையும் தள்ளாடினால், போதை என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த வைட்டமினை ஊசியாகப் போட்டால் பிழைக்க வழி உண்டு. தாமதித்தால் போன ஞாபகம் முழுசாகத் திரும்புவது அரிது.

என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் நிறையக் குடிப்பார். கடைசிக் காலத்தில் பார்க்கப் போனால், "காலையில ஹெட்மாஸ்டர் வந்து காபி குடிச்சிட்டுப் போனார்" என்பார். ஹெட்மாஸ்டர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். 'புளுகுமூட்டை' என்று பெயர் வைத்தவன் நான். அவர் மனைவி ஒருமுறை, "அவர் பொய் சொல்ற ஆள் இல்ல சார்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அவருக்கு இதே நோய்தான் என்று டாக்டர் இல்லாத நான் முடிவு கட்ட முடியாது. ஆனாலும் நேற்று அவர் மகனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவனும் என் மாணவன்தான். அவன் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாம் சார்" என்றான்.